கோயில் வேலிக்கு வெளியே ஒரு நாற்காலி

மலர், குமரா, நான் மலேசியாவிலிருந்து திரும்பியதும் நீங்கள் இருவரும் முதலில் கேட்டது இரட்டைக் கோபுரத்தைப் பற்றி. நான் அதைப் பார்க்கவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். நான் நன்றாகப் பார்த்தது ஒரு பேட்மிண்டன் கோர்ட்டை. பத்தாம் வகுப்போடு நின்றவனின் எழுத்து இது. பிழை இருந்தால் மலர் திருத்தட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

போன காரியம் உங்களுக்குத் தெரியும். என் அக்கா, உங்கள் தனம் அத்தை, கல்யாணமாகி அந்த நாட்டுக்குப் போனபோது நீங்கள் பிறக்கவில்லை. இப்போது அவள் மகள் புவனாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டு அழைத்து வந்தால்தான் பெண் மணவறை ஏறும். அந்த மாலைக்காகத்தான் லோடு ஆட்டோவை ஷெட்டில் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அத்தையின் வீட்டுக்காரர் ராமையா மாமா காரோடு வந்திருந்தார். அவர் அதிகம் பேச மாட்டார். ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ரோடு என்றால் அதுதான் ரோடு. ஒரு குழி கிடையாது. நம் ஊரில் பள்ளத்துக்குப் பெயர் வைத்து வழி சொல்கிறோமே, அங்கே அதற்கு வாய்ப்பே இல்லை. இப்படி ரோடு போடத் தெரிந்த நாட்டில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். நினைப்பதற்குச் செலவில்லை.

கோலா பிலா என்ற ஊரைத் தாண்டி உள்ளே போனால் தோட்டம். இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரம். முன்பு அங்கே ரப்பர் இருந்ததாம், பால் வெட்டியது நம் ஆட்களாம். இப்போது பழக்குலை அறுப்பது வங்காளதேசத்துப் பையன்கள். நம் ஆட்கள் வேன் ஏறித் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். லயம் என்று சொல்லும் பழைய வரிசை வீடுகளில் குடியிருப்பும், நடுவில் மாரியம்மன் கோயிலும் மட்டும் மிச்சம். கோயிலுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்பு வேலி. வேலிக்குள்ளேயே மண்டபம். வேலிக்கு வெளியே சிமெண்ட் போட்ட பேட்மிண்டன் கோர்ட்.

வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்தது புவனா. அத்தை வரவில்லை. கொல்லைப்பக்கம், துணி துவைக்கும் கல்லுக்கு அருகில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"கிட்ட வராதடா, நான் தூரம்" என்றாள்.

அவளுக்கு ஐம்பது தாண்டியாகிவிட்டது. மாதவிடாய் நின்று வருஷங்கள் ஆகிவிட்டன என்று அம்மாவிடம் போனில் அவளே சொல்லியிருக்கிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்து வீட்டு அஞ்சலை, கால்வாய்க்கு அந்தப் பக்கம் நின்றபடியே விளக்கினாள்.

"பொங்கல்லேர்ந்து இப்டிதாண்ணே. நிக்கவே இல்ல. கோயில் பக்கம் வரதில்ல, வெளக்கு ஏத்தறதில்ல. லயத்துக்கே தெரியும் லா."

லயத்துக்கே தெரியும். 'லா' அங்கே எல்லார் பேச்சிலும் ஒட்டிக்கொள்ளும் வால், அதை விட்டுவிட்டு இந்த ஒரு வார்த்தையை நினைவில் வையுங்கள். பெண்ணுக்கு ரத்தம் போவதை எங்கள் காலத்தில் மறைத்து வைத்தார்கள், அதனால் வைத்தியம் கிடைக்கவில்லை என்று உங்கள் பாடப்புத்தகத்தில் எழுதியிருக்கலாம். இங்கே யாரும் எதையும் மறைக்கவில்லை. அவள் எந்தெந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வரவில்லை என்று ஊரே சொல்லும். ஆஸ்பத்திரி என்று சொல்லத்தான் ஆளில்லை.

மறுநாள் காலை மாமா சாலையோரக் கடைக்கு அழைத்துப் போனார். ரொட்டி சானாய் சாப்பிட்டேன். நம் பரோட்டாவின் பணக்காரத் தம்பி அது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. தொட்டுக்கொள்ளப் பருப்பும் மீன்குழம்பும். டீயைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயைக் கட்டி, கயிற்றில் தொங்கவிட்டுத் தருகிறார்கள். ஆளாளுக்குக் குளுக்கோஸ் பாட்டில் மாதிரி பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். அதில் ஒன்றை எனக்கும் வாங்கிக் கொடுத்து மாமா கோயில் கமிட்டிக்குக் கூட்டிப்போனார். அவர்தான் கமிட்டிக்குச் செயலாளர்.

ஆண்கள் ஆறேழு பேர் பிஸ்கட் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் சுப்பையா எழுந்து எனக்குக் கை கொடுத்தார். பெண்ணுக்குத் தாய்மாமன் என்றால் அங்கே ஊருக்கே மாமா.

"உக்காருங்க மாமா. ஒரு சின்னப் பிரச்சின லா. கல்யாணத்தன்னிக்கும் உங்க அக்கா இப்டியே இருந்தா, உள்ள எப்டி விடறது?"

"அதுக்குத்தான் நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம்" என்றார் இன்னொருவர். "வேலிக்கு வெளிய ஒரு நாற்காலி போட்ருவோம். வெயில் படாம குடை வெச்சி. மணவறைக்கு முன்னால போன் நிறுத்தி வீடியோ கால் போட்டா, உள்ள உக்காந்திருக்கறவங்களுக்குக்கூட அவ்ளோ கிளியரா தெரியாது."

பெற்ற மகளின் தாலிகட்டை இருபது அடி தூரத்திலிருந்து போனில் பார்ப்பது. இதைக் கண்டுபிடித்த மூளைக்கு ஒரு சால்வை போடலாம். அவர்களும் அதை எதிர்பார்த்த மாதிரிதான் என்னைப் பார்த்தார்கள்.

"மாசக்கணக்கா ரத்தம் போவுது. ஆசுபத்திரின்னு ஒருத்தருக்கும் தோணலயா?" என்று கேட்டேன்.

"அலா, பரிகாரம் நடக்குதே. எலுமிச்சம்பழ மாலை. புவனாதான் வாராவாரம் வந்து போடறா" என்றார் தலைவர், நான் எதையோ கவனிக்கத் தவறியவன் போல.

சுவரில் ஒரு பெரிய போட்டோ மாட்டியிருந்தது. மண்டபத்து வாசலில் ரிப்பன் வெட்டுகிறார்கள். பின்னால் பேனரில் கமிட்டியார் முகங்கள் பூசணிக்காய் அளவில். ஓரமாக ஒரு நர்ஸம்மா, பாதி வெட்டுப்பட்டு. என்ன விழா என்று கேட்டேன்.

"அது முகாம் மாமா. பொம்பளைங்களுக்குக் கர்ப்பப்பை கேன்சர் டெஸ்ட்டு. ரெண்டு மாசம் முன்னாடி வேன்ல வந்தாங்க. பஞ்சு சுத்துன ஒரு குச்சி குடுப்பாங்க, திரைக்குப் பின்னால போயி அவங்களே சாம்பிள் எடுத்துக் குடுத்துடலாம், வலியே இல்ல. மண்டபத்த வாடகை வாங்காம குடுத்தோம்."

"அக்கா போனாளா?"

மாமாதான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மண்டபம் வேலிக்குள்ள இருக்கு. அவ எப்டி வருவா? நான்தான் வீட்லயே இருன்னு சொன்னேன்."

பிள்ளைகளே, கொஞ்சம் நிதானமாக இதைப் படியுங்கள். கர்ப்பப்பை நோயைக் கண்டுபிடிக்க அரசாங்கம் வண்டி அனுப்புகிறது. அதைக் கோயிலுக்குள் நிறுத்துகிறார்கள். ரத்தம் போகிறவள் கோயிலுக்குள் வரக்கூடாது. ஆகவே, நோய் இல்லாதவர்கள் எல்லாரும் வந்து நோய் இல்லை என்று தெரிந்துகொண்டு, கடலைப் பொட்டலமும் வாங்கிக்கொண்டு போனார்கள். நோயாளி வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மூன்று தெரு தள்ளிக்கூட இல்லை. முகாம் மைக் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். ரிப்பன் வெட்டியவர்களில் ஒருவருக்காவது இது உறைத்திருந்தால் அந்தப் போட்டோவைத் திருப்பி மாட்டியிருப்பார்கள்.

நம் ஊர்ப் பெருமை பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள், ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். உங்கள் அம்மாவுக்கு இந்தச் சோதனை நடந்தது நம் சுகாதார நிலையத்தில். அந்த அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஆயா வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் பஞ்சில் வினிகரை நனைத்து வைத்தாள். நூடுல்ஸ் கடையில் ஊற்றுவார்களே, அதுவேதான். கொஞ்ச நேரத்தில் கெட்டுப்போக இருக்கிற இடம் வெள்ளையாகத் தெரியுமாம். அம்மாவுக்குத் தெரிந்தது. தாலுகா ஆஸ்பத்திரியில் சோடா கம்பெனி சிலிண்டர் மாதிரி ஒன்றை வைத்து, அந்த இடத்தைக் குளிரில் உறைய வைத்துத் தீய்த்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் அம்மா டவுன்பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுக்கு வந்தாள். வினிகரும் ஒரு சிலிண்டரும் கதவைப் பிடிக்க ஒரு ஆளும் போதுமாயிருந்தது. குழியில்லாத ரோடு போட்ட நாட்டில், வலிக்காத குச்சி இருக்கிற நாட்டில், உங்கள் அத்தைக்கு அது கூடக் கிடைக்கவில்லை. ஏழை நாட்டில்தான் மருத்துவம் போய்ச் சேராது என்று யாராவது சொன்னால், அந்தப் பச்சை வேலியைக் காட்டுங்கள்.

அதற்கடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போக அத்தையை மாமாவின் காரில் ஏற்றினேன். "கல்யாணம் முடியட்டும்டா" என்று கடைசிவரை சொன்னாள். புவனாதான் பின்சீட்டில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, "ஏறும்மா, பேச்சு வேணாம்" என்றாள்.

பாதி வழியில் கார் கொதித்து நின்றது. ரேடியேட்டர் குழாயின் கிளிப் தளர்ந்திருந்தது. இவ்வளவு நல்ல ரோட்டில் இவ்வளவு மோசமாக வண்டி வைத்திருக்க மாமாவால்தான் முடியும். ஓரத்தில் ஒரு மலாய்க்கார அம்மா வாழையிலையில் நாசி லெமாக் விற்றுக்கொண்டிருந்தார். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, மேலே கருவாடும் சம்பலும். தண்ணீர் கேட்டேன். அவர் வாளியை என்னிடம் தள்ளிவிட்டு, காருக்குள் எட்டிப் பார்த்து, தன் மகளிடம் மலாயில் என்னவோ சொன்னார். புவனா எனக்குச் சொன்னாள்: "அந்தம்மா மூஞ்சி காகிதம் மாதிரி இருக்கு, மொதல்ல அவங்களுக்குச் சூடா மைலோ குடு, வண்டி அப்புறம் குடிக்கட்டும்னு சொல்றாங்க."

முன்பின் தெரியாதவர். ஒரு முறை பார்த்ததும் தெரிந்துவிட்டது. கமிட்டிக்கு மாதக்கணக்கில் பார்த்தும் எலுமிச்சம்பழம்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு மலாய் நர்ஸ் நம் தமிழிலேயே, "அக்கா, எவ்ளோ நாளா? வெக்கப்படாத, சொல்லு" என்றாள். தோட்டத்தில் வளர்ந்தவளாம். அங்கே பார்த்து, சிரம்பானுக்கு அனுப்பி, சதை எடுத்து, படம் எடுத்து, முடிவு வர நாட்கள் ஓடின. ஒவ்வொரு இடத்திலும் ஒரு டாக்டர், "ஏன் இவ்வளவு தாமதமாக வந்தீர்கள்?" என்று அத்தையைத்தான் கேட்டார். வேலிக்குள் வேனை விட்டது யார் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. படித்தவர்களுக்குக் கேள்வி சுலபமாக வருகிறது, ஆள்தான் மாறிவிடுகிறது.

சிரம்பானில் காத்திருந்தபோது அத்தை ஒன்று சொன்னாள்.

"புவனாவுக்குப் பதிமூணு வயசுல பள்ளிக்கூடத்துல ஊசி போட்டாங்கடா. இந்த நோய் வராம இருக்கறதுக்குன்னு சொன்னாங்க. நான்தான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். எனக்கு ஏதும் உண்டான்னு கேட்டேன். ஒங்க வயசுக்கு ஊசி இல்ல, டெஸ்ட்டு வரும்னாங்க."

"வந்துச்சே" என்றேன்.

"வந்துச்சு" என்றாள்.

முடிவைச் சொன்னவர் ஒரு சீன டாக்டரம்மா. புவனா தமிழில் சொல்லச் சொல்ல நாங்கள் கேட்டோம். கர்ப்பப்பை வாயில் புற்று. பக்கத்தில் கொஞ்சம் பரவியிருக்கிறது. அறுத்து எடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது. ஆனால் வைத்தியம் உண்டு, நம்பிக்கையும் உண்டு. நாம் கரண்டு வைப்பது என்கிறோமே, அதை வாரத்தில் சனி ஞாயிறு தவிர தினமும் வைக்க வேண்டும். கூடவே வாரம் ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டும். ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது. கோலாலம்பூர்ப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இடம் வாங்கியிருக்கிறார்கள். வருகிற புதன்கிழமை.

கல்யாணம் அந்த ஞாயிற்றுக்கிழமை.

"கல்யாண வேல தலைக்கு மேல கெடக்கு, ஒரு வாரம் தள்ளிப் போட்டுக்கறோம்னு கேளு" என்றாள் அத்தை. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பதில் சொன்னார். புவனா அழுதுகொண்டே சொன்னாள்: "இந்த எடத்த விட்டா அடுத்த எடம் எப்பக் கெடைக்கும்னு அவங்களுக்கே தெரியாதாம். மெஷினுக்கு வரிச நிக்குதாம். கல்யாணத்துக்கு நாள் வேற பாக்கலாம், இதுக்குப் பாக்க முடியாதுங்கறாங்க."

அன்று மாலை கமிட்டி கூடியது. செய்தி கேட்டுத் தலைவர் பெருமூச்சு விட்டார். வருத்தம் என்று நினைத்தேன்.

"பாவம் லா" என்றார். "ஆனா ஒண்ணு, அன்னிக்கு அவங்க ஆஸ்பத்திரில இருந்தா, நாற்காலி பிரச்சினயும் இல்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு நான் நல்ல தமிழில் பேசவில்லை. எழுதும்போது கொஞ்சம் கழுவி எழுதுகிறேன். "என் அக்கா உள்ள வராத கல்யாணத்துக்கு என் மாலையும் உள்ள வராது. தாய்மாமன் மாலை இல்லாம பொண்ண எப்படி மணவறை ஏத்துவீங்கன்னு பாக்கறேன். அதுக்கும் எலுமிச்சம்பழம் இருந்தா போடுங்க" என்றேன். அவர்கள் மரபு மரபு என்றார்கள். நான் பிடித்திருந்ததும் மரபுதான். எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். செயலாளர் சமாதானம் செய்வார் என்று.

மாமா பிஸ்கட் தட்டை ஒரு பக்கமாக நகர்த்தினார்.

"வேலிக்கு வெளிய நாற்காலி போடலாம்னு முடிவு பண்ணது நாமதானே, தலைவரே. சரி. எல்லா நாற்காலியையும் வெளிய போடுங்க."

யாருக்கும் முதலில் புரியவில்லை. அவர் பேட்மிண்டன் கோர்ட்டைக் கையால் காட்டினார். பிறகு மண்டபச் சாவியைத் தலைவர் முன்னால் வைத்துவிட்டு வெளியே நடந்தார். கார் கிளிப்பைச் சரிபார்க்கத் தெரியாத மனிதர், ஆனால் அன்றைக்கு அவரை எனக்குப் பிடித்தது.

மாப்பிள்ளை வீட்டாரிடம் எப்படிச் சொல்வது என்று பயந்துகொண்டே போனோம். மாப்பிள்ளையின் அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "நெழல் இருக்கா?" என்றார். கூடாரம் போடுவதாகச் சொன்னோம். "அப்ப என்னா பிரச்சின? மொதல்ல சம்மந்திய புதன்கிழம கொண்டுபோய் விடுங்க" என்றார். அவ்வளவுதான். ஊரே மாதக்கணக்கில் கட்டி வைத்த முடிச்சு, ஒரு பெண் அவிழ்க்கும்போது அரை நிமிஷம்.

புதன்கிழமை கரண்டு வைக்க ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நோயாளிகள் தங்கும் விடுதியில் அத்தைக்குக் கட்டில். சனிக்கிழமை மெஷினுக்கு ஓய்வு, அன்று மாமா கூட்டி வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை கோர்ட்டில் வலையைக் கழற்றிவிட்டு மணவறை. சிமெண்டில் பேட்மிண்டன் கோடுகள் வெள்ளையாகத் தெரிந்தன. பெண் வீட்டார் ஒரு பாதி, மாப்பிள்ளை வீட்டார் மறு பாதி என்று ஜனங்கள் தாமாகவே பிரிந்து உட்கார்ந்தார்கள். அத்தை பச்சைப் பட்டுக் கட்டி, தாயின் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கோயில் பண்டாரம் வர மறுத்துவிட்டார். மாப்பிள்ளையின் பெரியப்பா தேவாரம் பாடித் தாலி எடுத்துக் கொடுத்தார். நான் மாலை போட்டுப் புவனாவை அழைத்து வந்தேன். அவள் நேராக மணவறைக்குப் போகாமல் வழியில் அம்மாவைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் அவசரப்படுத்தவில்லை.

கமிட்டியார் தாலிகட்டுக்கு வரவில்லை. சாப்பாட்டுக்கு வந்தார்கள். ஆட்டுக்கறிக்குத் தீட்டு இல்லை போலிருக்கிறது. தலைவர் இரண்டாம் முறை ரசம் கேட்டார். லயத்தில் கல்யாணத்துக்கு வராதவள் ஒருத்திதான்: அம்மன். அவளை வேலிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். அவளும் பெண்தான், விட்டிருந்தால் வந்திருப்பாள்.

அத்தை தேறிவிடுவாளா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவும் முடிந்த பிறகு பார்க்கலாம் என்றுதான் சொன்னார். சிகிச்சை ஒரு நாளும் தவறவில்லை, அது மட்டும் தெரியும். மலர், அந்த ஊசியை உன் பள்ளிக்கூடத்தில் போட்டால் போட்டுக்கொள். போடாவிட்டால் நானே கூட்டிப்போவேன், தேர்வு இருக்கிறது என்றெல்லாம் சொல்லக் கூடாது. குமரா, இதைப் பொம்பளை விஷயம் என்று நீ தாண்டிப் போகாமல் இருக்கத்தான் உன் பெயரையும் முதல் வரியில் எழுதினேன். அந்தக் கமிட்டியில் எல்லாரும் ஒரு காலத்தில் உன் வயதுப் பையன்கள்தான்.

இனி இரட்டைக் கோபுரம். திங்கட்கிழமை காலை அத்தையைக் கொண்டுபோய் விடும்போது எனக்கு அதைக் காட்டுவதாக மாமா சொல்லியிருந்தார். ஞாயிறு மாலை நாங்கள் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தோம். அத்தை இன்னும் தன் நாற்காலியில் இருந்தாள். பக்கத்து வீட்டு அஞ்சலை, லயத்துக்கே தெரியும் என்றாளே அவள்தான், மெல்ல வந்து அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தனம், அந்தக் குச்சி டெஸ்ட்டு, கிளினிக்ல போய்க் கேட்டா குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க. யாருக்கு?"

"நான் முகாமுக்குப் போவலடி. தீபாவளிலேர்ந்து நானுந்தான் கோயிலுக்குப் போறதில்ல. ஒன்னையே பேசிக்கிட்டிருந்ததுல யாரும் என்னப் பாக்கல."

அத்தை அவளைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமா நாற்காலி மடிப்பதை நிறுத்தாமல், யாரையும் பார்க்காமல் சொன்னார்: "நாளைக்குக் காலைல கார் கோலா பிலா கிளினிக் வழியாத்தான் போவுது. டெஸ்ட்டுக்கு வரவங்க வரலாம்."

திங்கட்கிழமை காலை என் ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். முன்சீட்டில் அத்தை. பின்சீட்டில் அஞ்சலை, அவளுக்குப் பக்கத்தில் நான் பெயர் தெரிந்துகொள்ளாத இரண்டு பெண்கள், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு. மாமா என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார்.

காரில் எனக்கு இடம் இல்லை.